கிட்டாரின் ஜி கம்பி சுருதியில் நிற்குதில்லை, கொழும்பில் யாரிடம் காட்டலாம்?

வெள்ளவத்தையில் இருக்கிறேன். போன வருடக் கடைசியில் பாவித்த ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை மலிவாக வாங்கினேன், கழுத்து கைக்குள் அவ்வளவு இதமாக அடங்குகிறது, இனி வேறு கிட்டாரே வேண்டாம் என்றாகிவிட்டது. ஆனால் மூன்றாவது கம்பியை, அதுதான் ஜி, ஒருதரம் பெண்ட் பண்ணினாலே (விரலால் பக்கவாட்டில் தள்ளி வளைத்தாலே) சுருதி இறங்கிவிடுகிறது. திரும்ப முறுக்கினால் நட் (கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் பதியும் பள்ளங்கள் உள்ள சிறு துண்டு) பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே சுருதி எகிறுகிறது. மற்றக் கம்பிகள் சரி.

புது 9 கேஜ் (மெல்லிய) கம்பி செட் போட்டு (ஜி 0.016 அங்குலம்) நன்றாக இழுத்தும் விட்டேன். நட் பள்ளத்தில் பென்சில் கரி பூசினால் கொஞ்ச நேரம் நிற்கிறது, அப்புறம் பழையபடிதான். அதனால் பள்ளம் ஒடுக்கம் என்றே நினைக்கிறேன். கடையில் புதுக் கிட்டார் வாங்கச் சொல்கிறார்கள்.

கொழும்பு, தெஹிவளைப் பக்கம் நட் பள்ளத்தை அளவாக அராவித் தரக்கூடிய, கை தேர்ந்த ஆள் யாரையாவது தெரியுமா?