அணையின் இரண்டு பக்கமும் பிளாட்டிபஸ்

ஆஸ்திரேலியாவில் பிரைட் ஊரில் ஓவன்ஸ் ஆற்றங்கரையில் பிளாட்டிபஸைப் (வாத்தைப் போன்ற அலகுள்ள, முட்டையிடும் பாலூட்டி) பார்த்ததாக ஓர் அக்கா இந்தத் திரியில் எழுதியிருந்தார். நான் பார்த்தது கைக்கெட்டும் தூரத்தில். விக்டோரியாவில் உயிரியலாளர்கள் நடத்திய இரவுக் கணக்கெடுப்புக்கு உதவியாகப் போயிருந்தேன்.

பொழுது சாயும்போதே ஓடையில் புனல் வாய் வைத்த வலையைக் கட்டிவிடுவார்கள். வலையின் கடைசிப் பகுதி மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கும், உள்ளே போனது மூச்சுவிட வேண்டுமே. நள்ளிரவு தாண்டி ஓர் ஆண் பிளாட்டிபஸ் சிக்கியது. தலையணை உறைக்குள் விட்டு எடை போட்டார்கள், இரண்டு கிலோகூட இல்லை. ஆணுக்குப் பின்கால் கணுவில் விஷமுள் உண்டு, அதனால் வாலைப் பிடித்துத்தான் தூக்குகிறார்கள். அலகு பறவையுடையதைப் போலக் கெட்டியாக இல்லை, மெத்தென்று ஈரமாக இருந்தது. பின்கால் சவ்வில் மிளகளவுகூட இல்லாத ஒரு துணுக்கை எடுத்து எத்தனால் குப்பியில் போட்டுவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள்.

அந்தத் துணுக்கிலிருந்து எவ்வளவு தெரியவருகிறது என்பதுதான் என்னை உலுக்கியது. 2022இல் வெளிவந்த நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், பெரிய அணைக்கு மேலும் கீழும் வாழும் பிளாட்டிபஸ்களுக்கு இடையிலான மரபணு வேறுபாடு, அணையில்லாத ஆறுகளில் இருப்பதைப்போல 4 முதல் 20 மடங்கு. அணை கட்டிக் காலம் ஆக ஆக வேறுபாடும் கூடுகிறது. மிட்டா மிட்டா ஆற்றில் 1979இல் முடிந்த டார்ட்மவுத் அணையின் உயரம் 180 மீட்டர். தரையில் தத்தித் தத்தி நடக்கும் பிராணி அதைச் சுற்றிக் கடப்பது எப்படி? வழியில் நரி வேறு. ஒரு பக்கத்துக் கூட்டம் வறட்சியில் அழிந்தால் மறுபக்கத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. மிஞ்சுவது சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம். கடலால் துண்டிக்கப்பட்ட கிங் தீவில் பிளாட்டிபஸ்களின் மரபணு வகைமை மிகவும் சுருங்கிக் கிடக்கிறது. ஆற்றுக்குள்ளேயே நாமும் அப்படித் தீவுகளை உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம்.

———

அண்ணா, பிளாட்டிபஸைத் தூக்கிக்கொண்டுபோய் அணைக்கு மறுபக்கம் விட்டால் சரியாகுமா? சிட்னிக்குத் தெற்கே ராயல் தேசியப் பூங்காவில் பல பத்தாண்டுகளாகப் பிளாட்டிபஸே இல்லை, 2023இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்களே.

———

ஆகும் தம்பி. அணைக்கு மேலும் கீழும் சிலவற்றை இடம் மாற்றி விடலாம் என்பது ஆய்வாளர்களே சொல்லும் வழிகளில் ஒன்று. எந்தப் பக்கம் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று தெரிந்தால்தான் அதைச் செய்ய முடியும். டார்ட்மவுத் அணைக்கு மேல்பக்கம் யாராவது பார்த்திருந்தால் இடத்தையும் மாதத்தையும் எழுதுங்கள்.