பிஎச்.டி. முடித்தால் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற முடியுமா?

கேள்வி – பொருநை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நெல்லைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உளவியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். கடைசிப் பருவத்தில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு மாதம் உடனிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே பணியாற்றிய மருத்துவ உளவியலாளர், பள்ளிக்கே போகாத ஒரு பெரியவரிடம் வண்ணக் கட்டைகளைக் கொடுத்து, அட்டையில் இருந்த வடிவம் போல் அடுக்கச் சொன்னார். அவர் தடுமாறிய விதத்தைக் குறித்துக்கொண்டே, இடையிடையே அவருடைய ஊரைப் பற்றியும் தறியைப் பற்றியும் பேச்சுக் கொடுத்தார். நானும் இந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. எங்கள் பேராசிரியர், "எம்.ஃபில். எல்லாம் ஒழிந்துவிட்டது, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி நேராகப் பிஎச்.டி.யில் சேர்ந்துவிடு, அதற்கு மேல் என்ன படிப்பு இருக்கிறது?" என்கிறார். அப்பாவுக்கும் பெயருக்கு முன்னால் "முனைவர்" என்று போட்டுக்கொள்வதில் ஆசை. அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகனோ, அங்கே பிஎச்.டி. படிப்பவர்கள்தான் நோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்கிறான். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் உளவியலில் பிஎச்.டி. முடித்தால் மருத்துவ உளவியலாளராக எனக்கு அங்கீகாரம் கிடைக்குமா? கிடைக்காது என்றால் அந்தப் படிப்பு எதற்குத்தான் பயன்படும்?

பதில் 1 – ஏழாவது வார்டு

கிடைக்காது. பட்டம் கையில் வந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு கலங்கியவர்கள் பலரை நான் பார்த்திருப்பதால், சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மருத்துவ உளவியலாளர் யார் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரண்டாம் பிரிவிலேயே வரையறுக்கிறது. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற நிறுவனத்தில் மருத்துவ உளவியலுக்கான தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். அல்லது உளவியலில் முதுகலையும், அதன்மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சியை உள்ளடக்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும், மன்றத்தின் ஏற்புடன் பெற்றிருக்க வேண்டும். பொதுவான பிஎச்.டி. இந்த வரையறைக்குள் வரவே இல்லை. 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வு மன்றச் சட்டப்படி அதன் மையப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்வது, ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றமும் ஆகும்.

நம் நாட்டில் இது ஏன் இப்படி அமைந்தது என்பதற்குப் பின்னணி உண்டு. பெங்களூரில் இன்று நிம்ஹான்ஸ் என்று அறியப்படும் நிறுவனம், அகில இந்திய மனநல நிறுவனமாக இருந்த காலத்தில், 1955இல் மருத்துவ உளவியலுக்கான பட்டயப் படிப்பைத் தொடங்கியது. பின்னாளில் அதுவே எம்.ஃபில். ஆக மாறியது. வார்டில் ஆளை உருவாக்கும் வேலை இவ்வாறு முனைவர் பட்டத்துக்கு ஒரு படி கீழேயே நிலைத்துவிட்டது, பிஎச்.டி. ஆய்வுப் பட்டமாகவே தொடர்ந்தது. மற்ற துறைகளில் எம்.ஃபில். என்பது பிஎச்.டி.க்குப் போகும் வழியில் இருந்த ஒரு திண்ணை மட்டுமே. எங்கள் துறையில் தொழிற்பயிற்சி பெரும்பாலும் அங்கேதான் நடந்துவந்திருக்கிறது. உங்கள் பேராசிரியர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எம்.ஃபில். ஒழிந்துவிட்டது என்று அவர் சொல்வதும் பாதிதான் சரி. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளில் எம்.ஃபில். கைவிடப்பட்டது, 2023 டிசம்பரில், இனி யாரும் சேர வேண்டாம் என்ற எச்சரிக்கையும் வந்தது. ஆனால் அடுத்த மாதமே, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை அந்தப் பட்டம் செல்லும் என்று குழுவே அறிவித்தது. மறுவாழ்வு மன்றம் ஏற்கும் சை.டி. என்ற தொழில்சார் முனைவர் படிப்பும் சில இடங்களில் உண்டு. எனவே பெயர்ப்பலகையைப் பாராமல், நீங்கள் சேரும் ஆண்டுக்கு அந்த நிறுவனத்தின் அந்தப் படிப்புக்கு மன்றத்தின் ஏற்பு இருக்கிறதா என்பதை மன்றத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் பாருங்கள்.

பயிற்சி என்றால் என்ன என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் முதல் ஆண்டில் ஐந்து முழுமையான உளநோயறிதல் அறிக்கைகளையும், இரண்டாம் ஆண்டில் ஐந்து உளசிகிச்சைப் பதிவேடுகளையும் தேர்வுக்கு ஒப்படைக்க வேண்டும், ஆய்வேடு தனி. கணக்கில் பத்துதான் என்றாலும், அந்தப் பத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் எத்தனையோ பேரைப் பார்த்திருப்போம். நான் எழுதிய இரண்டாவது அறிக்கையோ மூன்றாவதோ, நீங்கள் பார்த்த அதே கட்டைச் சோதனை பற்றியது. பாட்டியாவின் செயல்திறன் சோதனைத் தொகுப்பில் அதுவும் ஒன்று. எழுத்தறிவு இல்லாதவருக்கும் கொடுக்கலாம், ஆனால் நேரக் கணக்கு உண்டு. என் முன்னால் இருந்தவர் மூன்றாவது அட்டையிலேயே கையை எடுத்துவிட்டார். "சோதனையில் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி என் மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, "நிறுத்துகடிகாரத்தை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார். மேசைமேல், நோயாளியின் கண்ணுக்கு நேராக வைத்திருந்தேன். மறுநாள் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு வேறொரு சோதனையைக் கொடுத்தபோது அந்த மனிதர் முக்கால் மணி நேரம் அமர்ந்து முடித்தார். முதல் நாள் எழுதிய அறிக்கையைக் கிழிக்க வேண்டாம், இரண்டையும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

இதைத் தனியாகப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் ஒருவர் இருந்து கேட்க வேண்டும்.

பதில் 2 – வைகையிலிருந்து

உங்கள் சித்தி மகன் சொல்வது அமெரிக்காவைப் பொறுத்தவரை சரிதான். நான் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியல் பிஎச்.டி.யில் ஐந்தாம் ஆண்டில் இருக்கிறேன். ஒரே பெயரில் இரு நாடுகளிலும் இரண்டு வேறு படிப்புகள் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே 1949இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேரப் பயிற்சி பெற வேண்டும், அது முனைவர் பட்ட நிலையில் நடக்க வேண்டும் என்று தீர்மானித்தது. ஆய்வின் எடை அதிகமாகிவிட்டது என்ற மனக்குறையிலிருந்து சை.டி. பிறந்தது. இலினாய் பல்கலைக்கழகம் 1968இல் அதைத் தொடங்கியது. 1973இல் வேய்ல் மாநாடு அதற்கு ஒப்புதல் தந்தது. இன்றும் இந்த இரண்டு வழிகளும் இருக்கின்றன. பணத்தைப் பொறுத்தவரை வேறுபாடு பெரிது: பெரும்பாலான பிஎச்.டி. இடங்களில் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி, கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ உதவித்தொகையும் கிடைக்கும், சை.டி.யில் பலர் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். அதனால்தான் பிஎச்.டி.க்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள், ஒரு துறை எடுப்பதோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரைத்தான். மதிப்பெண் மட்டும் போதாது. ஒரு குறிப்பிட்ட பேராசிரியரின் ஆய்வோடு உங்கள் ஆர்வம் பொருந்த வேண்டும். பலர் இதை அறியாமல் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பித்து ஏமாறுகிறார்கள்.

இரண்டாம் ஆண்டிலிருந்தே துறையின் சிகிச்சை நிலையத்தில் ஆட்களைப் பார்க்கத் தொடங்கினோம். ஒவ்வோர் அமர்வும் அவர்களுடைய ஒப்புதலோடு காணொளியாகப் பதிவாகும். வாரந்தோறும் அதை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் முதல் பதிவில் அந்தப் பெண் அழத் தொடங்கிய நொடியில் நான் குனிந்து குறிப்பேட்டில் எதையோ எழுதுகிறேன். மேற்பார்வையாளர் காணொளியை அந்த இடத்தில் நிறுத்தி, என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். அன்றைய தேதியை இரண்டாவது முறையாக எழுதியிருந்தேன்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஓராண்டு முழுநேர உள்ளகப் பயிற்சி வருகிறது. அதில் இடம் பெறுவதற்கு நாடு தழுவிய பொருத்தமுறை ஒன்று உண்டு: நாங்கள் இடங்களை வரிசைப்படுத்தித் தருகிறோம், அவர்கள் எங்களை வரிசைப்படுத்துகிறார்கள், கணினி சேர்த்து வைக்கிறது, முடிவு பிப்ரவரியில் வரும். கல்யாணத் தரகரின் வேலையைக் கணினி பார்க்கிறது என்று என் அம்மாவுக்கு விளக்கினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. வெளிநாட்டு மாணவர்கள் முன்கூட்டியே அறிய வேண்டியது ஒன்று உண்டு: முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள் இந்தப் பயிற்சி இடங்களில் கணிசமானவற்றை வைத்திருக்கின்றன, அவற்றுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அந்தக் கதவு நமக்குத் திறக்காது. பட்டத்துக்குப் பின் 225 கேள்விகள் கொண்ட உரிமத் தேர்வும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விதிகளும் இருக்கின்றன. மொத்தத்தில் ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் ஆகும்.

ஊருக்குத் திரும்பி வேலை செய்வதுதான் எண்ணம் என்றால், அந்தப் பட்டத்தை இந்தியாவில் பதிவு செய்ய முடியுமா என்று மறுவாழ்வு மன்றத்திடம் எழுத்து மூலமாகக் கேட்டு, பதிலைக் கையில் வாங்கிய பிறகே விமானச் சீட்டைப் பற்றி யோசியுங்கள். நான் அதைச் செய்யாமல் வந்துவிட்டேன்.

பதில் 3 – ஆய்வு நெறியாளர்

முதல் பதிலோடு நான் உடன்படுகிறேன். என்றாலும் பிஎச்.டி. எதற்கும் பயன்படாது என்ற எண்ணம் இங்கே வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மானியக் குழுவின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். குறைந்தது 12 மதிப்பலகுகளுக்குப் பாடங்கள் படிக்க வேண்டும். ஆய்வு முறையியலும் ஆய்வு அறநெறியும் அவற்றில் இடம்பெறும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். இந்த விதிகளில் எங்கும் நோயாளி வருவதில்லை, வரவேண்டிய தேவையும் இல்லை. ஆராய்ச்சி செய்யக் கற்பிப்பதுதான் இந்தப் பட்டத்தின் வேலை. ஆங்கிலத்தில் உருவான ஒரு மனச்சோர்வு அளவுகோலைத் தமிழில் பெயர்த்தால் மட்டும் போதாது. "மனசு பாரமா இருக்கு" என்று சொல்லும் பெண்ணும் "ஒடம்பெல்லாம் அசதி" என்று சொல்லும் பெண்ணும் ஒரே துன்பத்தைத்தான் சொல்கிறார்களா என்று கண்டறிந்து, நம் மக்களிடம் சோதித்து நிலைப்படுத்த வேண்டும். இந்த வேலைக்கு ஆள் போதவில்லை. கல்லூரியில் இணைப் பேராசிரியர் போன்ற மேல்நிலைப் பதவிகளுக்கும் பிஎச்.டி. வேண்டும்.

வரிசைதான் முக்கியம். வார்டில் பயிற்சி முடித்துவிட்டு ஆய்வுக்கு வருபவரிடம் கேள்வி தானாகவே இருக்கும். முதுகலையிலிருந்து நேராக வருபவருக்குப் பெரும்பாலும் நான்தான் தலைப்புத் தேட வேண்டியிருக்கிறது. அப்படிப் பிறந்த ஆய்வேடுகளில், இருநூறு கல்லூரி மாணவர்களிடம் வினாத்தாளைக் கொடுத்து இரண்டு மாறிகளுக்கிடையே தொடர்பு பார்ப்பதைத் தாண்டியவை மிகக் குறைவு. இதை என் மாணவர்களே படிக்கக்கூடும், இருந்தாலும் எழுதுகிறேன்.

பொருநை மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் முதல் பதிலை வாசித்துக் காட்டினேன். "அப்படியென்றால் அந்தப் பிஎச்.டி. டாக்டர் மருந்து எழுதித் தர முடியாதா?" என்று கேட்டார். நம் நாட்டில் எந்த உளவியலாளரும் எழுத முடியாது, அது மனநல மருத்துவரின் வேலை என்று சொன்னதும் சிறிது நேரம் பேசவில்லை, பிறகு எம்.ஃபில். நுழைவுத்தேர்வுக்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். இப்போது இரண்டு இடங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நேர்காணலுக்குச் செல்லும்போது அங்கே என்ன விசாரிக்க வேண்டும்?

ஏழாவது வார்டு

மன்றத்தின் ஏற்பு எந்தக் கல்வியாண்டு வரை செல்லும் என்பதை முதலில் கேளுங்கள். கடிதத்தைக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். அடுத்து, உள்நோயாளிப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறதா, அல்லது வேறு மருத்துவமனைக்கு வாரத்தில் சில நாட்கள் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். மேற்பார்வை நேரம் கால அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது "தேவைப்படும்போது பார்த்துக்கொள்வோம்" என்ற நிலையா என்பதையும் அறிய வேண்டும். இதற்கெல்லாம் அலுவலகத்தில் பதில் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் புறநோயாளிப் பிரிவுக்குப் போய் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, கடைசியாக உங்கள் அறிக்கையை யார் திருத்தினார், எப்போது திருத்தினார் என்று மட்டும் கேளுங்கள்.