உதவி: பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கடைசி லெவல், எதிரியை வெட்டினால் நானே சாகிறேன்

நள்ளிரவு_ஆட்டக்காரன்:
வணக்கம். பள்ளியில் கம்ப்யூட்டர் பீரியடில் ஆரம்பித்துப் பாதியில் விட்ட கேம்களை இந்த வருடம் ஒவ்வொன்றாக முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பட்டியலில் முதலாவது பிரின்ஸ். கடைசிக்கு வந்துவிட்டேன். அங்கே என்னைப் போலவே ஒருவன் மேலிருந்து குதிக்கிறான். அவனை வெட்டினால் எனக்கும் உயிர் குறைகிறது, கொன்றால் நானும் செத்து விழுகிறேன். கேமில் கோளாறா? நேரமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

எட்டுபிட்_எலி:
எந்த பிரின்ஸ், நண்பரே? பழையதா, 2003-இல் வந்த சாண்ட்ஸ் ஆஃப் டைமா? பழையது என்றால் எதில் ஆடுகிறீர்கள்? டாஸ் (பழைய கம்ப்யூட்டர்) பதிப்பில் 12 லெவல், 60 நிமிடம். சூப்பர் நின்டென்டோவில் 20 லெவல், 120 நிமிடம். இரண்டுக்கும் வழி வேறு வேறு.

மூன்றரை_அங்குலம்:
பழைய டாஸ் கேம்களை இப்போதைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் ஆடுகிறீர்கள் என்றால், முதலில் சைக்கிள்ஸ், அதாவது வேக அளவு, எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பழைய கேம்களில் வரும் பாதிப் பிரச்சினைக்குக் காரணம் அதுதான். 3000-இல் வைத்துப் பாருங்கள்.

மணற்கடிகாரம்:
கோளாறு இல்லை. இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாயிற்று, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். 4-ஆம் லெவலில் கண்ணாடியைப் பாய்ந்து உடைத்துக்கொண்டு போனீர்களே, அப்போது உங்களிடமிருந்து பிரிந்த நிழல் அது. 5-இல் உங்கள் மருந்தைக் குடித்துவிட்டு ஓடியதும், 6-இல் கதவை மூடி உங்களைக் கீழே விழவைத்ததும் அதுவேதான். கதையைக் கவனித்து ஆடியவருக்கு 12-இல் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகப் புரியும்.

சுக்குக்காப்பி:
புரியாததால்தானே கேட்கிறார், சார். விடையைச் சொல்லிவிடலாமே.

வைகைக்கரை:
தம்பி, அவனோடு சண்டை போடக் கூடாது. இருவரும் வாளை உருவியதும் கீழ் அம்புக்குறியை அழுத்துங்கள். இளவரசன் வாளை உறையில் போடுவான், எதிரில் இருப்பவனும் போட்டுவிடுவான். அதன் பிறகு ஷிஃப்ட் பக்கமே விரல் போகக் கூடாது. பயப்படாமல் நேராக அவனை நோக்கி ஓடுங்கள். இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். ஒன்றான பிறகு மேடையின் விளிம்பில் நின்று தயங்காமல் வெற்றிடத்தின் மேலேயே ஓடுங்கள், காலடியில் தரைக்கல் ஒவ்வொன்றாக முளைக்கும். நிழலோடு சேராமல் அங்கே கால் வைத்தால் கீழே விழுவீர்கள்.

அதெல்லாம் இருக்கட்டும், நேரம் எவ்வளவு மிச்சம்? நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. ஸ்பேஸ் தட்டினால் காட்டும்.

நள்ளிரவு_ஆட்டக்காரன்:
டாஸ்தான். நன்றி அக்கா, இன்றிரவு பார்க்கிறேன். நேரம் முதலில் 9 நிமிடம் காட்டியது, இப்போது 3. நிழலுக்குப் பக்கத்தில் போனதும் கண்ட்ரோல் + ஜி போட்டு சேவ் செய்துகொள்கிறேன், ஆனாலும் லோட் செய்தால் லெவலின் ஆரம்பத்தில்தான் நிற்கிறான்.

எட்டுபிட்_எலி:
ஆ, விஷயம் இங்கேதான் இருக்கிறது. இந்த கேம் நீங்கள் நிற்கும் இடத்தைச் சேவ் செய்யாது. எந்த லெவல், அந்த நொடியில் எவ்வளவு நேரம் மிச்சம், லெவலுக்குள் நுழைந்தபோது உயிர் எத்தனை, இவ்வளவுதான் கோப்பில் போகும். நிழல் வரை ஏறிப்போய் சேவ் செய்தால் ஏறிய உழைப்பு போச்சு, ஏறச் செலவான நேரமும் போச்சு. லோட் செய்து மறுபடி ஏறி மறுபடி சேவ் செய்யும்போது அதே நேரத்தை இன்னொரு தடவை இழக்கிறீர்கள். உங்கள் 9 நிமிடம் 3 ஆனது இப்படித்தான்.

லெவலுக்குள் கால் வைத்த உடனே, ஓர் அடி கூட எடுத்து வைக்காமல் சேவ் செய்வதுதான் முறை. 3-ஆம் லெவலிலிருந்துதான் சேவ் செய்ய விடும். கேம் வைத்திருப்பது ஒரே ஒரு சேவ் கோப்பு, புதிதாகப் போட்டால் பழையது அழிந்துவிடும். கேம் இருக்கும் ஃபோல்டரில் பிரின்ஸ் என்ற பெயரோடு எஸ்.ஏ.வி. என்று முடியும் கோப்பு அது. லெவல் மாறும்போதெல்லாம் அதை வேறு பெயரில் நகல் எடுத்து வையுங்கள். பழைய நகல் ஏதாவது இருக்கிறதா?

மூன்றரை_அங்குலம்:
சைக்கிள்ஸைக் குறைத்தால் நேரம் மெதுவாக ஓடும், அதையும் முயன்று பார்க்கலாம்.

எட்டுபிட்_எலி:
அதனால் பயன் இல்லை. கடிகாரம் நடப்பது ஃபிரேம் கணக்கில், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களின் எண்ணிக்கையில். திரை மெதுவானால் கடிகாரத்தோடு இளவரசனும் மெதுவாவான். முன்பு 4 நொடியில் தாண்டிய பள்ளத்தை 8 நொடியில் தாண்டுவீர்கள், அவ்வளவுதான்.

மணற்கடிகாரம்:
3 நிமிடத்தில் 12-ஐ ஏறி, நிழலைச் சேர்த்து, கடைசி வில்லன் ஜாஃபரையும் முடிப்பது பழகியவர்களுக்கு முடியும். இவருக்கு முடியாது. முதலிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

சுக்குக்காப்பி:
எதற்கு இவ்வளவு கஷ்டம்? டாஸ் பதிப்பைப் பிரித்துப் படித்து ஆர்வலர்கள் திரும்ப எழுதிய எஸ்டிஎல்பாப் இருக்கிறது. எஃப்6 அழுத்தினால் நின்ற இடத்திலேயே சேவ், எஃப்9-இல் லோட். எனக்கு இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறாள், இரவில் அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அதில்தான் முடித்தேன்.

மணற்கடிகாரம்:
அதற்குப் பெயர் முடிப்பது அல்ல. இந்த கேமின் உயிரே அந்த 60 நிமிடம்தான். இளவரசிக்கு ஒரு மணி நேரம் கெடு, மணல் இறங்கிக்கொண்டிருக்கிறது. எந்த இடத்திலும் திரும்பிப் போகலாம் என்றால் மூன்றாவது மாடியிலிருந்து தாவும்போது நெஞ்சு ஏன் படபடக்கப் போகிறது?

சுக்குக்காப்பி:
கெடுவை நான் தொடவே இல்லையே, கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்படிப் பார்த்தால் கண்ட்ரோல் + ஜி-யும் ஏமாற்றுதானே?

மணற்கடிகாரம்:
அது கேமை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரே கொடுத்தது. ஒரு லெவலுக்குள் எடுத்த ரிஸ்க்கை அது திருப்பித் தராது. எட்டுபிட்_எலி மேலே சொன்னதைப் படியுங்கள், அந்த சேவ் அவ்வளவு கண்டிப்பாக இருப்பதே அதற்காகத்தான். ஒரே மனிதர் வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்த கேம் இது. தம்பி டேவிட் ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்து ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார். அப்படி இழைத்த ஒன்றை அவர் வகுத்த விதியோடு ஆட வேண்டும்.

வைகைக்கரை:
நீங்கள் சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம், சார். அந்த நிழலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் 2-இல் மெமரி தீர்ந்துபோய்விட்டது, இன்னொரு ஆளை வரைந்து வைக்க இடமில்லை. அதனால் இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி நகர்த்தி, அதன் மேலேயே போட்டுக் கழித்து, ஓரம் மட்டும் மினுங்கும் உருவத்தை மெக்னர் எடுத்தார். புதிதாக ஒரு படம்கூட வரையாமல் ஓர் எதிரி கிடைத்துவிட்டான். இருக்கிற இடத்துக்குள் வழி கண்டுபிடித்துச் செய்த கேம் இது. அரை மணி நேரமே கிடைக்கிற ஒரு தாய் எஃப்6 தட்டி நிழலோடு சேர்ந்துவிட்டால் அதில் என்ன குறை? எத்தனையோ பேர் 3-ஆம் லெவல் எலும்புக்கூட்டோடு நிறுத்திவிட்டார்கள். கடைசிக் கல் காலடியில் முளைப்பதை அவர்களும் பார்க்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுவேன்.

மணற்கடிகாரம்:
பார்ப்பது வேறு, முடிப்பது வேறு. இதில் நான் மாறப்போவதில்லை.

எட்டுபிட்_எலி:
இதற்குத் தனி இழை திறந்துகொள்ளலாம். கேட்டவர் எங்கே?

நள்ளிரவு_ஆட்டக்காரன்:
அக்கா, ஒட்டிக்கொண்டது! கீழ் அம்பு தட்டியதும் அவனும் வாளைப் போட்டான், ஓடிப்போய் மோதினேன், ஒரே ஆளாகிவிட்டோம். தரையும் வந்தது. ஜாஃபரைப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நகல் எதுவும் இல்லை. முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கே நேரத்தை மிச்சம் பிடிப்பது?

வைகைக்கரை:
ரொம்ப சந்தோஷம், தம்பி. முதல் லெவலில் வாளை எடுக்காமல் காவலனிடம் போய் நிற்காதீர்கள், அதற்காகத் திரும்பி நடப்பதில் நிமிடங்கள் போகும். 3-இல் எலும்புக்கூட்டை வெட்டிக்கொண்டே நிற்காதீர்கள், அது சாகாது. அடித்து அடித்து விளிம்புக்குத் தள்ளிப் பள்ளத்தில் விழவைக்க வேண்டும். 8-இல் வெளிக்கதவைத் திறந்துவிட்டுத் திரும்பும்போது வழியில் கம்பிக்கதவுக்குள் மாட்டிக்கொள்வீர்கள். வழி தெரியாமல் பலர் லெவலையே மறுபடி ஆடுவது அங்கேதான். கதவருகில் சும்மா நில்லுங்கள். சற்று நேரத்தில் இளவரசி அனுப்பிய வெள்ளை எலி ஓடிவந்து பொத்தானை மிதிக்கும், கதவு திறக்கும். டாஸில் நீலக் குமிழி வரும் குப்பி விஷம், சிவப்பு மருந்து. 9-இல் ஒரு குப்பி திரையைத் தலைகீழாக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

மணற்கடிகாரம்:
ஜாஃபரிடம் முந்திக்கொண்டு வெட்டாதீர்கள். அவன் வெட்டட்டும், மேல் அம்பால் தடுங்கள், தடுத்த கையோடு ஷிஃப்ட். அந்த வரிசை மாறக் கூடாது. 12-ஐத் தொடும்போது 10 நிமிடமாவது கையில் இருக்கட்டும். எஃப்6 இல்லாமல் முடியுங்கள், உங்களால் முடியும்.

புதுக்குடி_கேமர்:
இழையின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சூப்பர் நின்டென்டோ பதிப்பை ஆடுகிறேன். இந்த நிழல் விஷயம் அதிலும் இப்படித்தானா?

எட்டுபிட்_எலி:
எந்த லெவலில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். புதிய இழையில் கேட்டால் நல்லது.

நள்ளிரவு_ஆட்டக்காரன்:
ஜாஃபர் விழுந்தான். 2 நிமிடம் மிச்சம். நகல் எடுத்து எடுத்துத்தான் வந்தேன், எஃப்6 இல்லை. எல்லோருக்கும் நன்றி.