பெயரிலேயே கவர்னர் இருக்கும் பள்ளிக்கும் கவர்னர் தேர்தலுக்கும் சம்பந்தம் இல்லையாம்!

சாண்டிலிக்காரன் (வெள்ளி, அக்டோபர் 22, 2021, இரவு 9.40)

இன்று காலை நம் வட வர்ஜீனியா தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட செய்தி இது: "டிஜே சேர்க்கைக்கும் கவர்னர் தேர்தலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது கவுண்டி பள்ளி வாரியத்தின் வேலை. குடியரசுக் கட்சி வேட்பாளர் யங்கின் பேச்சைக் கேட்டுப் பெற்றோர் ஏமாற வேண்டாம்." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. நாம் டிஜே என்று சொல்லும் தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி, ஃபேர்ஃபாக்ஸின் மற்ற பள்ளிகளைப் போல ஒன்றா? 1985-ல் அறிவியலுக்காகவும் தொழில்நுட்பத்துக்காகவுமே தொடங்கியது. மாநிலத்தின் 'கவர்னர்ஸ் ஸ்கூல்' வரிசையில் இருக்கிறது. பெயரிலேயே கவர்னர் இருக்கிறார். அப்புறம் எப்படிச் சம்பந்தம் இல்லாமல் போகும்?

நடந்ததைத் தேதியோடு சொல்கிறேன். போன வருடம் கவர்னர் நார்தம் அரசின் கல்விச் செயலர் கவர்னர்ஸ் ஸ்கூல்களில் யார் யார் சேர்கிறார்கள் என்று பார்க்க ஒரு குழு போட்டார். அக்டோபர் 1-க்குள் ஒவ்வொரு பள்ளியும் அறிக்கை தர வேண்டும் என்றது மாநிலத் தலைநகர் ரிச்மண்ட். அக்டோபர் 6-ம் தேதி இங்கே டிஜே நுழைவுத் தேர்வை நீக்கினார்கள். டிசம்பர் 17-ல் புதிய முறை. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் எட்டாம் வகுப்பில் 1.5 சதவீதம் பேருக்கு இடம். இந்த ஜூனில் முடிவு வந்தது. ஆசியப் பிள்ளைகள் 73 சதவீதத்திலிருந்து 54.

என் மகள் ஏழாவது படிக்கிறாள், அடுத்த வருடம் விண்ணப்பிக்க வேண்டியவள். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிற குழந்தையிடம் நான் என்ன சொல்லட்டும்?

ஹெர்ன்டன் நிலா (இரவு 10.15)

அந்தச் செய்தியைப் போட்டது நான்தான். 'ஒருவர்' என்று மறைத்து எழுதத் தேவையில்லை சார்.

கவர்னர்ஸ் ஸ்கூல் என்பது ஒரு திட்டத்தின் பெயர். வருடம் முழுவதும் நடக்கும் அப்படிப்பட்ட பள்ளிகள் மாநிலத்தில் 19 இருக்கின்றன. சேர்க்கை விதியை மாற்றியது ஃபேர்ஃபாக்ஸ் பள்ளி வாரியம். 12 உறுப்பினர்கள், 2019-ல் நீங்களும் நானும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்களுக்கு அடுத்த தேர்தல் 2023. வர்ஜீனியா அரசியல் சட்டத்தின் எட்டாவது பிரிவு பள்ளிகளை மேற்பார்க்கும் பொறுப்பை உள்ளூர் வாரியத்திடம்தான் கொடுக்கிறது. நவம்பர் 2-ல் நீங்கள் யாருக்குக் குத்தினாலும் அந்த 12 பேரில் ஒருவரும் மாறப் போவதில்லை.

ராஜாஜி சாலை என்று பெயர் இருப்பதால் ராஜாஜி வந்து குழியை அடைப்பாரா?

சாண்டிலிக்காரன் (இரவு 10.31)

ராஜாஜி காலமாகிவிட்டார் மேடம். கவர்னர் உயிரோடு இருக்கிறார், சம்பளம் வாங்குகிறார், மாநிலக் கல்வி வாரியத்துக்கு ஒன்பது பேரை நியமிக்கிறார். பெயரிலேயே கவர்னர்!

ஆஷ்பர்ன் தஞ்சாவூரான் (இரவு 10.52)

அண்ணன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் லௌடன் கவுண்டி. எங்கள் பிள்ளைகளும் டிஜேவுக்கு விண்ணப்பிக்கலாம், எங்கள் கவுண்டி அதற்குப் பணமும் கட்டுகிறது. ஆனால் ஃபேர்ஃபாக்ஸின் அந்த 12 பேரில் ஒருவருக்கும் ஓட்டுப் போடும் உரிமை எங்களுக்கு இல்லை. எங்களுக்கு இருக்கும் ஒரே ஓட்டு கவர்னர் ஓட்டு. அதையும் சம்பந்தமில்லை என்றால் நாங்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது?

போகிற போக்கில் இன்னொன்று. இந்த மாதம் 5-ம் தேதி கார் வரி கட்டினீர்களா? எங்களுக்குக் காரின் மதிப்பில் 100 டாலருக்கு 4.20. உங்கள் ஃபேர்ஃபாக்ஸில் 4.57. மளிகைச் சாமானுக்கு 2.5 சதவீதம் தனியாக. அரிசிக்கும் பருப்புக்கும் வரி போடுகிற மாநிலம் இது. யங்கின் அதை நீக்குவேன் என்கிறார்.

ரெஸ்டன் வாத்தியார் (இரவு 11.20)

தம்பி, நான் இந்த ஊருக்கு வந்தது 1994-ல். 1997-ல் ஜிம் கில்மோர் "கார் வரி கிடையாது" என்ற ஒரே முழக்கத்தில் கவர்னர் ஆனார். ஊரெங்கும் அதே பலகை. இருபத்து நான்கு வருடம் ஆகிவிட்டது, நீயும் நானும் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். பிறகு மாநிலம் தரும் நிவாரணத்தையே வருடத்துக்கு 95 கோடி டாலர் என்று கட்டி நிறுத்திவிட்டார்கள். கார்களின் விலை ஏறுகிறது, அந்தத் தொகை ஏறவில்லை. வரியை எடுப்பேன் என்பவரிடம் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டுவிட்டுக் கைதட்டு.

ஆஷ்பர்ன் தஞ்சாவூரான் (இரவு 11.26)

வாத்தியாருக்கு 2009 மாடல் கேம்ரி, அதனால் வலிக்கவில்லை.

ரெஸ்டன் வாத்தியார் (இரவு 11.30)

என் கேம்ரியை இழுக்காதே. நீ டெஸ்லா வாங்கியது உன் விருப்பம்.

சாண்டிலிக்காரன் (இரவு 11.48)

கார் பேச்சை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இது டிஜே இழை.

நிலா மேடம் அரசியல் சட்டம் காட்டுகிறார். சரி. செப்டம்பர் 28 விவாதத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மெக்காலிஃப் சொன்னது என்ன? பள்ளிகள் எதைக் கற்பிக்க வேண்டும் என்று பெற்றோர் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன் என்றார். 2014 முதல் 2018 வரை இந்த மாநிலத்தை ஆண்டவர், திரும்பவும் ஆள வருகிறவர், என் முகத்துக்கு நேரே சொல்கிறார். நம் வீட்டில் பிள்ளையின் படிப்புதான் முதல் செலவு, முதல் கவலை. வீடு வாங்கும்போது சமையலறையைப் பார்ப்பதற்கு முன் எந்தப் பள்ளி எல்லை என்று பார்க்கிறோம். அப்படிப்பட்டவர்களைப் பார்த்து 'உனக்கென்ன வேலை' என்று கேட்கிற ஆளுக்குத் தமிழர்கள் எப்படி ஓட்டுப் போடுகிறீர்கள்?

ஹெர்ன்டன் நிலா (சனி, அக்டோபர் 23, காலை 7.05)

அந்த வாக்கியத்துக்கு முன்னால் என்ன பேச்சு நடந்தது என்பதையும் சொல்லுங்கள். பாடத்தில் பாலியல் விவரணை உள்ள புத்தகம் வந்தால் பெற்றோருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், வேண்டாம் என்றால் மாற்று தர வேண்டும் என்ற மசோதாவை அவர் 2016-லும் 2017-லும் தடுத்தார். யங்கின் அதைக் கிளற, அவர் அதற்குப் பதில் சொன்னார். வாலை மட்டும் வெட்டி ஊரெல்லாம் காட்டுகிறார்கள்.

அதை விடுங்கள். செப்டம்பர் 13-ம் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபையில் நீட் விலக்கு மசோதா நிறைவேறியது. அன்று இரவு இதே தளத்தில், "கோச்சிங்குக்குக் கொடுக்க லட்சம் இருப்பவனுக்குத்தான் சீட் என்றால் அது தேர்வு இல்லை, ஏலம்" என்று எழுதியது யார்? சாண்டிலிக்காரன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் வந்தபோது "கண் கலங்கிவிட்டது" என்று எழுதியது யார்? அதே சாண்டிலிக்காரன்.

அங்கே ஏழைப் பிள்ளைக்கு 7.5 தந்தால் கண் கலங்குகிறது. இங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் 1.5 தந்தால் கண் சிவக்கிறது. டிஜேவில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் போன வருடம் ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த வருடம் 25 சதவீதம். அதில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சாண்டிலிக்காரன் (காலை 8.10)

பழைய பதிவுகளைத் தோண்ட உங்களுக்கு இவ்வளவு நேரம் கிடைக்கிறதே!

அது வேறு, இது வேறு. நீட் என்பது டெல்லியில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் தேர்வு வைப்பது. மாநிலப் பாடத்திட்டம் ஒன்று, தேர்வு வேறொரு பாடத்திட்டம். இங்கே அப்படியா? ஒரே கவுண்டிப் பிள்ளைகள், ஒரே கணக்கு. நூறு டாலர் விண்ணப்பக் கட்டணம் சுமை என்றால் கட்டணத்தை எடுங்கள், நான் வேண்டாம் என்றேனா? ஏழைப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள், நானே சனிக்கிழமை வந்து உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். தேர்வை ஏன் எடுத்தீர்கள்? முதலில் குலுக்கல் போடத்தானே திட்டம் கொண்டுவந்தார்கள்! படிப்புக்குக் குலுக்கல்! கோவில் குலுக்குச் சீட்டா இது?

ஹெர்ன்டன் நிலா (காலை 8.22)

மத்திய அரசு மாநிலத்தில் தலையிடக் கூடாது என்கிறீர்கள். அப்படியென்றால் மாநிலம் மட்டும் கவுண்டியில் தலையிடலாமா?

சாண்டிலிக்காரன் (காலை 8.25)

பெயரிலேயே கவர்னர் இருக்கிறார். எத்தனை தடவை சொல்வது?

பொறுமைசாலி (காலை 9.40)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு பேரும் 'சம்பந்தம்' என்ற சொல்லை வேறு வேறு அர்த்தத்தில் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. விதியை நேரடியாக மாற்றும் அதிகாரமா, அழுத்தம் கொடுக்கும் செல்வாக்கா? முதலில் அதைத் தெளிவாக்கிக்கொண்டால் பேச்சு நகரும். இன்னொன்று, மொத்த இடத்தையும் பாருங்கள். போன வருடம் 486, இந்த வருடம் 550. எண்ணிக்கையாகப் பார்த்தால் ஆசியப் பிள்ளைகள் 355-லிருந்து 299.

சாண்டிலிக்காரன் (காலை 9.52)

ஆக 64 இடம் கூடியும் நம் பிள்ளைகளுக்கு 56 இடம் குறைந்திருக்கிறது. என் வாதத்தை நீங்களே பலப்படுத்தியதற்கு நன்றி தம்பி. அது சரி, உங்களுக்கு ஓட்டு இருக்கிறதா? ஹெச்1பி என்று போன மாதம் எழுதிய ஞாபகம்.

பொறுமைசாலி (காலை 10.01)

ஓட்டு இல்லை. வரி இருக்கிறது, வாடகை இருக்கிறது, நான்காம் வகுப்பில் பையன் இருக்கிறான். பதினோரு வருடமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்பவனைப் பார்த்து இப்படிக் கேட்பது அழகில்லை சார். நான் உங்கள் மேல் மரியாதை வைத்திருந்தேன்.

ரெஸ்டன் வாத்தியார் (காலை 10.20)

அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேளுங்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான், நீங்களும் நின்றவர்தான்.

சாண்டிலிக்காரன் (காலை 10.44)

கேள்விதான் கேட்டேன், யாரையும் இழிவுபடுத்தவில்லை. ஓட்டு இருப்பவர்கள் அதை வீணாக்கக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம். 2009-க்குப் பிறகு இந்த மாநிலம் தழுவிய ஒரு பதவியைக்கூடக் குடியரசுக் கட்சி ஜெயிக்கவில்லை. பள்ளி வாரியத்தில் 12-க்கு 12 பேரும் ஜனநாயகக் கட்சியின் ஆதரவு பெற்றவர்கள். ஒரு கட்சிக்கு ஊரையே எழுதிக் கொடுத்தால் அது நம்மைக் கேட்டா முடிவெடுக்கும்? டிஜேவின் புதிய முறையை எதிர்த்துப் பெற்றோர் கூட்டமைப்பு மார்ச்சில் நீதிமன்றம் போயிருக்கிறது. அதில் பாதிப் பேர் இதற்கு முன் அரசியல் கூட்டத்துக்கே போகாதவர்கள். அவர்களை வெறியர்கள் மாதிரிப் பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஹெர்ன்டன் நிலா (காலை 11.30)

வெறியர்கள் என்று நான் எங்கே சொன்னேன்? சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது உங்களுக்கு வழக்கம்.

சாண்டிலிக்காரன் (காலை 11.36)

உங்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. 2019 பொங்கல் விழாப் பட்டிமன்றத்தில் என் பேச்சு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது யார்? எதிரணிக்கு ஏழு நிமிடம் ஓடியபோது மணி எங்கே போயிற்று?

ஹெர்ன்டன் நிலா (காலை 11.41)

ஐந்து நிமிடம் கொடுத்தோம், எட்டு நிமிடம் பேசினீர்கள். வீடியோ இருக்கிறது.

ஆஷ்பர்ன் தஞ்சாவூரான் (காலை 11.58)

வீடியோவில் அந்தப் பாகம் வெட்டப்பட்டிருக்கிறது. நானும் அந்த அணிதான்.

ஹெர்ன்டன் நிலா (மதியம் 12.10)

விழாவுக்கு இடம் பிடித்தது முதல் இலை எடுத்தது வரை ஒன்பது பேர் செய்தோம். அதில் நீங்கள் இரண்டு பேரும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் இன்று வீடியோ பற்றிப் பேசுகிறார்கள்.

நான் இந்த ஊரில் பன்னிரண்டு வருடமாகத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அடுக்குமாடி வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அம்மா உணவகத்தில் வேலை, அப்பா இரவு ஷிப்ட். கோச்சிங் என்ற சொல்லே தெரியாத புத்திசாலிக் குழந்தைகள். அவர்களுக்கு இந்த வருடம் ஒரு கதவு திறந்திருக்கிறது. அதை மூடுவதற்கு ஓட்டுக் கேட்டு என்னிடம் வராதீர்கள்.

சாண்டிலிக்காரன் (மதியம் 12.45)

கதவைத் திறக்கிறவர்கள் வீட்டைப் பெரிதாக்கட்டும். இன்னொரு டிஜே கட்டட்டும். அதற்கு ரிச்மண்ட் பணம் தரட்டும், அதற்குத்தான் கவர்னர். ஏற்கெனவே உள்ளே நிற்கும் பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே விட்டுவிட்டு அதற்குக் கதவு திறந்தோம் என்று பெயர் வைக்காதீர்கள்.

முன்கூட்டி ஓட்டுப் போடக் கடைசி நாள் 30-ம் தேதி சனிக்கிழமை, மாலை 5 மணி வரை. நான் இன்று மூன்று மணிக்கு ஃபேர்ஃபாக்ஸ் கவர்ன்மென்ட் சென்டருக்குக் குடும்பத்தோடு போகிறேன். வண்டியில் இரண்டு இடம் இருக்கிறது, வருகிறவர்கள் சொல்லுங்கள்.

ஹெர்ன்டன் நிலா (மதியம் 12.52)

நான் போன வாரமே போட்டுவிட்டேன். உங்கள் ஓட்டால் டிஜே விதி ஒரு வரிகூட மாறாது. வாரியம் 12 பேர், தேர்தல் 2023.

சாண்டிலிக்காரன் (மதியம் 12.54)

பெயரிலேயே கவர்னர்.

ஆஷ்பர்ன் தஞ்சாவூரான் (மதியம் 1.30)

வாத்தியாரே, அந்த 95 கோடி எந்த வருடம் கட்டி நிறுத்தியது? பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்கிறார்.