பதற்றத்துக்கு புரோபயாட்டிக்: எந்த ரகம், எத்தனை வாரம், தயிர் போதாதா?

தென்றல் (கேள்வி)

வணக்கம். தங்கை பதற்றத்துக்கு எஸ்சிடலோப்ராம் 10 மி.கி. ஆறு மாதமாக எடுக்கிறாள். வயிற்று உப்புசமும் உண்டு. எரிச்சல் குடல் நோய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ‘செரட்டோனினில் (மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருள்) 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது, குடலைச் சரிசெய்தால் மனசு சரியாகும்’ என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். மருந்துக்கடையில் ஒரு புரோபயாட்டிக் (உயிருள்ள நல்ல கிருமிகள்) கேப்சூல் தந்தார்கள். அட்டையில் லாக்டோபேசில்லஸ் அசிடோபிலஸ், ராம்னோசஸ், பிஃபிடோபாக்டீரியம் லாங்கம், சாக்கரோமைசிஸ் பொலார்டி, மொத்தம் 5 பில்லியன் சிஎஃப்யு (உயிருள்ள கிருமிகளின் எண்ணிக்கை) என்று போட்டிருக்கிறது. இது பதற்றத்தில் ஏதாவது செய்யுமா? எத்தனை நாள் பார்ப்பது? மாத்திரையோடு சேர்க்கலாமா? வீட்டுத் தயிரே போதாதா?

கரிசல்

அந்த செரட்டோனின் வரியை முதலில் விட்டுவிடுங்கள். குடலில் ஊறும் செரட்டோனின் ரத்தம்-மூளைத் தடையைத் தாண்டாது. அது குடல் அசைவுக்கானது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. பாக்டீரியா மூளையைத் தொடும் வழிகள் வேறு: குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு, நோயெதிர்ப்பு அணுக்கள் விடும் சைட்டோகைன்கள் என்ற தகவல் புரதங்கள், நார்ச்சத்து நொதித்து வரும் பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்கள்.

இந்தத் துறைக்கு மவுசு வந்தது எலிகளால்தான். 2004-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு அழுத்த ஹார்மோன் அளவுக்கு மீறி எகிறுவதைக் கண்டார்கள். 2011-ல் அயர்லாந்தின் கார்க் நகரக் குழு, ராம்னோசஸில் ஜேபி-1 என்ற ரகத்தைக் கொடுத்த எலிகளுக்குப் பதற்றம் குறைந்ததாகக் காட்டியது. வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளில் அந்தப் பலன் இல்லை. அதே ஜேபி-1-ஐ ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். போலி மாத்திரையைவிட (ஒப்பிடுவதற்காகத் தரும், மருந்தில்லாத மாத்திரை) ஒரு பலனும் இல்லை. முதல் பாதியைப் பகிர்கிறவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்வதே இல்லை.

மனிதர்களில் அதிகம் பேசப்படுவது லாக்டோபேசில்லஸ் ஹெல்வெட்டிகஸ் ஆர்0052, பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் ஆர்0175 என்ற இரண்டு ரகங்களின் ஜோடி. 2011-ல் பிரான்சில், நோயில்லாதவர்களிடம் 30 நாளில் மன அழுத்த மதிப்பெண் இறங்கியது. 2017-ல் நியூசிலாந்தில், மனச்சோர்வு உள்ள 79 பேரிடம் 8 வாரம் கொடுத்தபோது போலி மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. உங்கள் தங்கை நிலைக்கு நெருக்கமானது கனடாவில் நடந்தது: எரிச்சல் குடல் நோயாளிகள் 44 பேர், லாங்கம் என்சிசி3001, 6 வாரம். சோர்வு மதிப்பெண் குறைந்தது. பதற்ற மதிப்பெண் குறையவில்லை.

இப்போது அட்டையைப் பாருங்கள். வெறும் ‘பிஃபிடோபாக்டீரியம் லாங்கம்’ என்பது ஊர்ப்பெயர் மட்டும்; கதவு எண் என்சிசி3001, ஆர்0175 என்று பின்னால் வருவது. அது இல்லாவிட்டால் எந்த ஆய்வையும் அந்தக் கேப்சூலுக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. 5 பில்லியனும் நாலு கிருமிக்குமான கூட்டுத்தொகை. அதில் லாங்கம் எவ்வளவு என்பது தயாரித்தவருக்கே வெளிச்சம்.

மருந்துக்கடை மாறன்

கரிசல் சார் சொன்னதோடு கொஞ்சம் நடைமுறை.

எஸ்சிடலோப்ராமோடு சேர்க்கலாம், மோதல் எதுவும் தெரிந்ததில்லை. ஆனால் மாத்திரையின் அளவைக் கூட்டுகிற, குறைக்கிற வாரங்களில் புரோபயாட்டிக்கைத் தொடங்க வேண்டாம். அந்த மாத்திரையே முதல் இரண்டு வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு தரும். எது எதனால் என்று பிரித்தறிய முடியாது. ‘குடல் சரியாகிவிட்டது’ என்று மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. நிறுத்தியதால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று வரும்போது பழைய பதற்றம் திரும்பிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

லாக்டோபேசில்லஸ், பிஃபிடோ வகைகள் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை மே மாதத்தில் கடை அலமாரியில் வெளியே கிடந்த டப்பாவில் உயிரோடு எத்தனை மிச்சம் என்று சொல்ல முடியாது. வாங்கும்போது ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். விதைநிலையில் இருக்கும் பேசில்லஸ் கிளாசி, கோயகுலன்ஸ் வெயிலைத் தாங்கும். (பழைய அட்டைகளில் ‘லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்’ என்று இருப்பதும் இந்தக் கோயகுலன்ஸ்தான்.) ஆனால் அவை இங்கே பெரும்பாலும் வயிற்றுப்போக்குக்குப் போவது, பதற்றத்துக்கு அல்ல. சூடான பாலில் பிரித்துப் போடாதீர்கள். ஆறின தண்ணீர், சாப்பாட்டோடு. ஆன்டிபயாட்டிக் ஓடினால் குறைந்தது 2 மணி நேர இடைவெளி. பொலார்டி ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது, ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கொன்றுவிடும்.

அட்டையில் எஃப்ஓஎஸ் அல்லது இன்யூலின் (கிருமிகளுக்குத் தீனியாகச் சேர்க்கும் நார்ச்சத்து) இருக்கிறதா? உப்புசக்காரர்களுக்கு வாயுவைக் கிளப்புவது பல நேரம் அதுதான். கிருமிமேல் பழி விழும். அது இல்லாததாக வாங்குங்கள்.

8 வாரம் வையுங்கள். ஜிஏடி-7 என்ற, பதற்றத்தை அளக்கும் ஏழு கேள்வித் தாளை ஆரம்பத்தில் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பச் சொல்லுங்கள். மொத்தம் 21, 10 அல்லது அதற்கு மேல் என்றால் குறைந்தது நடுத்தரப் பதற்றம். 4 புள்ளியாவது இறங்கினால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். உப்புசத்தைத் தனியாகக் குறியுங்கள். உப்புசம் குறைந்து பதற்றம் அப்படியே இருந்தால் வயிற்றுக்காகத் தொடரலாம், அந்தக் கணக்கில் மட்டும். இந்தக் கிருமிகள் குடலில் குடியேறுவதில்லை, நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் வெளியேறிவிடும்.

எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள், கழுத்து ரத்தநாளத்தில் குழாய் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. கடும் கணைய அழற்சியிலும் வேண்டாம்: 298 பேரைக் கொண்ட 2008-ன் நெதர்லாந்து ஆய்வில் புரோபயாட்டிக் கொடுத்த பக்கம் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், மறுபக்கம் 6.

வைகை

தயிர் பற்றி. வீட்டுத் தயிரில் உயிருள்ள பாக்டீரியா தாராளம். ஆனால் எந்த ரகம் என்பது உறைமோர் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது, எண்ணிக்கையும் நிலையில்லை. அதனால் மருந்து என்று சொல்ல முடியாது, நல்ல சாப்பாடு என்று சொல்லலாம். மோர்க்குழம்பில் கொதித்தால் கிருமி மிஞ்சாது. சுடுசோற்றில் பிசைந்தாலும் நிறையப் போய்விடும், சோறு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். இட்லி மாவு நன்றாகப் புளித்திருக்கும், ஆனால் ஆவியில் வெந்துவிடுகிறது.

பழைய சோற்றில் கிருமி உயிரோடு வரும். ஆனால் மதியம் வடித்த சோற்றை மூடி வைத்து ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. வெதுவெதுப்பில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சை விட்டுவிடும், பிறகு காய்ச்சினாலும் வாந்தி நஞ்சு போகாது. ஆறினதும் நீரூற்றி, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும்.

தென்றல்

எல்லாருக்கும் நன்றி. அட்டையில் எஃப்ஓஎஸ் இருக்கிறது, மாற்றிவிடுகிறோம். யாகல்ட் என்ற புரோபயாட்டிக் பால்பானம் எப்படி? இன்னொன்று, மலத்தை அனுப்பினால் ‘குடல் மதிப்பெண்’ தரும் டெஸ்ட் ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள், எடுக்கலாமா?

கரிசல்

யாகல்ட்டில் ரகத்தின் பெயர் தெளிவாக இருக்கிறது: லாக்டோபேசில்லஸ் கேசி ஷிரோட்டா. இங்கே விற்கும் 65 மி.லி. பாட்டிலில் 6.5 பில்லியன். ஜப்பானில் தேர்வுக்குப் படிக்கும் மருத்துவ மாணவர்களுக்கு 8 வாரம் கொடுத்த ஆய்வில் ஒரு நாளைக்கு 100 பில்லியன், கிட்டத்தட்ட 15 பாட்டில். சர்க்கரையையும் கணக்கில் வையுங்கள். அந்த ஆய்வில் குறைந்தவையும் பெரும்பாலும் வயிற்றுத் தொந்தரவும், எச்சிலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் ஏற்றமும்தான்.

டெஸ்ட் வேண்டாம். எந்தப் பாக்டீரியா எவ்வளவு இருந்தால் பதற்றம் என்று சொல்ல இன்னும் அளவுகோல் கிடையாது, மதிப்பெண் அவர்களாகப் போடுவது. அந்தக் காசுக்கு டிஎஸ்எச் (தைராய்டு சோதனை), ஹீமோகுளோபின், பி12 பார்த்துவிடலாம். தைராய்டு ஹார்மோன் ஏறியிருந்தால் படபடப்பு எந்தத் தயிருக்கும் அடங்காது. நாளுக்கு எத்தனை டம்ளர் காபி என்பதையும் தங்கையிடம் கேட்டுப் பாருங்கள்.