சரளைக் கல் அடித்த கேரவன் முகப்பு: எங்கிருந்து தொடங்குவது?

நெடுவழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காரின் பின்னால் கொக்கியில் பூட்டி இழுத்துச் செல்லும் கேரவன் ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். சென்ற பயணத்தில் தார் போடாத சரளைச் சாலையில் ஏறத்தாழ 300 கி.மீ. செல்ல வேண்டியிருந்தது. திரும்பி வந்து கழுவியபோதுதான் முகப்பின் நிலை தெரிந்தது. வெள்ளை ஜெல்கோட் (வெளிப்புறத்தில் பளபளப்பாக இறுகி நிற்கும் பிசின் பூச்சு) பூசிய ஃபைபர் கிளாஸ் பகுதியில் முப்பது, நாற்பது இடங்களில் மேற்பூச்சு மிளகளவில் பெயர்ந்திருக்கிறது. விரலால் தடவினால் நகம் சிக்குகிறது. ஓரிடத்தில் ஒரு புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை போல விரிசல் ஓடியிருக்கிறது. அதற்குக் கீழே உள்ள அலுமினியத் தகட்டில் சொட்டைகள் விழுந்திருக்கின்றன. கேரவனைக் காரின் கொக்கியோடு இணைக்கும் இரும்பு இழுவைச் சட்டத்தில் பெயின்ட் உதிர்ந்து துரு தெரிகிறது.

என்னிடம் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, கார்களுக்கு ஒட்டுவது போன்ற ஒளி ஊடுருவும் பாதுகாப்புப் படலத்தை முகப்பு முழுவதும் ஒட்டிவிடுவது. மற்றொன்று, புடைப்பு வரிகள் உள்ள அலுமினியத் தகட்டைக் கீழ்ப்பாதியில் திருகி மூடிவிடுவது. பழைய காயங்களை அப்படியே விட்டுவிட்டு அவற்றின் மேலேயே இதைச் செய்யலாமா, அல்லது முதலில் பழுது பார்த்தே ஆக வேண்டுமா? அடுத்த பயணத்திலும் இதே போன்ற சாலைதான் என்பதால், அனுபவம் உள்ளவர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

சக்கரத்தடம்

நண்பரே, முகப்பை எதனால் மூடுவது என்பதற்கு முன்னால், அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிட்டவை உங்கள் காரின் பின்சக்கரங்களே. டயர் தூக்கி எறியும் கல் காற்றில் வேகம் குறைந்து நிற்கும் நேரத்தில், பின்னால் வரும் கேரவன் தன் முழு வேகத்தில் போய் அதன்மேல் மோதுகிறது. ஆகவே அடியின் கடுமையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீங்கள் ஓட்டும் வேகம்தான். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 80 கி.மீ. வேகத்திலிருந்து 40 கி.மீ. வேகத்துக்கு இறங்கினால் அதே கல்லின் அடி கால் பங்காகக் குறைந்துவிடுகிறது. எந்தத் தகடும் எந்தப் படலமும் இந்த அளவுக்குக் காப்பாற்றாது.

அடுத்தது, கல்லைச் சக்கரத்துக்கு அருகிலேயே தடுப்பது. காரின் பின்சக்கரங்களுக்குப் பின்னால் கனமான ரப்பர் மட்ஃபிளாப் கட்டாயம் வேண்டும். அவை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கினால்தான் பயன். ஆனால் புகைக்குழாயின் வெப்பம் படும் இடத்தில் தொங்கினால் ரப்பர் உருகிவிடும் என்பதால், அந்தப் பக்கம் சற்று விலக்கிக் கட்டுங்கள். இவற்றைத் தாண்டி வரும் கற்களுக்கு, கேரவனின் இழுவைச் சட்டத்தின் மேல் ஒரு வலைத் தடுப்பை நிறுத்தலாம். குழாய்ச் சட்டத்தில் நெகிழ்வான, அடர்த்தியான வலைத்துணியை இழுத்துக் கட்டியதாக அது இருக்க வேண்டும். மேல்விளிம்பு காரை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருந்தால், பட்ட கல் தரையை நோக்கித் திரும்பும்.

இதைக் குறிப்பாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. முகப்பில் மோதிய கல் அங்கேயே விழுந்துவிடுவதில்லை. துள்ளி முன்னோக்கி வந்து, இழுக்கும் காரின் பின்கண்ணாடியை உடைக்கிறது. எனக்கு அப்படித்தான் நடந்தது. பின்கண்ணாடி மொத்தமும் ஒரே நொடியில் சர்க்கரைக் கட்டிகள் போலப் பொடிந்து பின்னிருக்கையில் கொட்டிக் கிடந்தது. எதிரே வந்த வண்டி ஒன்றுகூட இல்லாத சாலை அது. எனவே நீங்கள் சொல்லும் கடினமான அலுமினியத் தகடு கேரவனின் முகத்தைக் காத்தாலும், கல்லை இன்னும் விசையாகத் திருப்பி அனுப்பும். கல்லின் வேகத்தை வாங்கிக்கொண்டு கீழே போடுவதே நல்ல தடுப்பு. அதோடு, தகட்டைச் சுவரில் திருகும்போது ஒவ்வொரு துளையும் தண்ணீர் உள்ளே போக ஒரு வாசலாகிறது. எந்தத் தடுப்பையும் இழுவைச் சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். கேரவனின் சுவரில் துளையிட வேண்டாம்.

பிசின்கை

ஃபைபர் கிளாஸ் படகுகளையும் வண்டிகளையும் பழுது பார்ப்பது என் தொழில். பழைய காயங்களை அப்படியே விட்டுவிட்டு மேலே படலம் ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், ஒட்டக் கூடாது. ஒவ்வொரு குழியிலும் காற்று தங்கும், ஓரங்களில் ஒட்டு பிடிக்காது, உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இருக்காது.

முதலில் ஒரு நாணயத்தால் முகப்பு முழுவதையும் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும் ஒலி, உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாக மாறிவிடும். சிலந்தி வலை விரிசலைச் சுற்றி இதைப் பொறுமையாகச் செய்யுங்கள். பல கேரவன்களில் ஃபைபர் கிளாஸ் ஒரு மெல்லிய தோல் மட்டுமே. அதன் பின்னால் ஒட்டுப்பலகையும் நுரைப்பலகையும் இருக்கும். ஒட்டுப்பலகை நனைந்திருந்தால், அது முழுவதும் காயும் வரை மேலே எதையும் பூசுவது நோயை உள்ளே வைத்துத் தைப்பதற்குச் சமம்.

மிளகளவுப் பெயர்வுகள் கடினமானவை அல்ல. மெழுகு நீங்கும்படி அசிட்டோனால் துடைத்து, தூக்கி நிற்கும் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சரிவாக்கி, ஜெல்கோட் பசையை மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி நிரப்புங்கள். 100 கிராம் பசைக்கு அதை இறுகச் செய்யும் ஹார்டனர் 1 முதல் 2 கிராம் வரை போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் நிறம் மாறிப் பின்னர் வெடிக்கும். சாதாரண ஜெல்கோட்டின் மேற்பரப்பு காற்றுப் பட்டால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்பதால், நிரப்பிய உடனே அதன் மேல் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். மறுநாள் தாளை உரித்தெடுத்தால், கண்ணாடி போலத் திடமான ஒரு புள்ளி அங்கே நிற்கும். அதை 400ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, இறுதியில் பாலிஷ் போட வேண்டும். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள்.

சிலந்தி வலை விரிசலின் மேல் பசையைத் தடவி மறைத்தால் சில மாதங்களில் அதே கோடுகள் திரும்பத் தோன்றும். ஒவ்வொரு கோட்டையும் சிறு சுழல் கருவியால் ‘வி’ வடிவத்தில் அகழ்ந்து, நிரப்புப் பசை ஆழத்துக்கு இறங்க இடம் கொடுக்க வேண்டும். அகழும்போது அடியில் இழையே முறிந்திருப்பது தெரிந்தால், சுற்றிலும் அகலமாகச் சரித்துத் தேய்த்து, புதிய இழைப்பாயும் ரெசினும் இட்டுக் கட்டிய பிறகே ஜெல்கோட்டுக்கு வர வேண்டும்.

நெடுவழி

இருவருக்கும் மிக்க நன்றி. நாணயத்தால் தட்டிப் பார்த்தேன்; விரிசலைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒலி மங்கலாகத்தான் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கப் போகிறேன். சொட்டை விழுந்த அலுமினியத் தகட்டையும் துருப்பிடித்த சட்டத்தையும் என்ன செய்வது? முன்பக்க அக்ரிலிக் ஜன்னலிலும் ஒரு சிறு கீறல் இருக்கிறது. அசிட்டோனாலேயே அதையும் துடைத்துவிடலாமா?

பிசின்கை

வேண்டவே வேண்டாம். அசிட்டோனும் ஆல்கஹாலும் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல்கள் பரவி, ஜன்னல் பனிமூட்டம் போலாகிவிடும். முகப்பில் வேலை செய்யும்போதும் ஜன்னலை மூடி, ஓரத்தில் நாடா ஒட்டிவிடுங்கள். கீறலுக்குச் சோப்புத் தண்ணீரும் அக்ரிலிக்குக்கான பாலிஷும் போதும்.

சட்டத்தின் துருவைக் கம்பிப் பிரஷால் பளிச்சென்று இரும்பு தெரியும் வரை சுரண்டி, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, அதன் மேல் சேஸிஸ் பெயின்ட் இரண்டு பூச்சு கொடுங்கள். அலுமினியச் சொட்டைகளைத் தட்டி நிமிர்த்த முயல வேண்டாம், தகடு மெலிந்து கிழியும். அவற்றைத் தேய்த்துப் பட்டி பார்ப்பதே நல்லது. தேய்த்த அலுமினியத்தின் மேல் உடனே ஆக்சைடு படிவதால், உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமரைத் தாமதிக்காமல் அடித்துவிட வேண்டும்.

படலத்தைப் பொறுத்தவரை, எல்லாம் முடிந்து புதுப் பூச்சு நன்றாக இறுகிய பிறகு ஒட்டுங்கள். வழக்கமான படலம் ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிமன்தான், வலைத் தடுப்பைத் தாண்டி வரும் பொடிக்கற்களை அது தாங்கும், பெரிய கல்லை அல்ல.

சக்கரத்தடம்

ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். இழுவைச் சட்டத்தில் கேஸ் சிலிண்டர் இருந்தால், வலைத் தடுப்பு அதன் காற்றோட்டத்தை அடைக்கக் கூடாது. ரெகுலேட்டரும் அதன் குழாயும் கல் படாத மறைவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தடுப்பைப் பூட்டிய பிறகு, காலியான திடலில் காரை இரு பக்கமும் முழுமையாக ஒடித்துத் திருப்பியும் பின்னால் எடுத்தும், சட்டம் காரின் பின்புறத்தில் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சரளைச் சாலையின் அதிர்வில் நட்டுகள் தளரும். முதல் 50 கி.மீ. முடிந்ததும் நிறுத்தி, ஸ்பேனர் வைத்து எல்லாவற்றையும் ஒரு முறை முறுக்கிவிடுங்கள்.