கெண்டைக்கால் பிடிப்புக்கு மசாஜ்: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 43. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் தினமும் ஓடுகிறவன். மூன்று வாரங்களுக்கு முன் வலது கெண்டைக்காலில் சுளீரென்று இழுத்தது. இரத்தக்கட்டி இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டார் (அது இருந்தால் காலை அமுக்கவே கூடாதாம்). ஆனாலும் மாடிப்படி இறங்கும்போது உள்ளே ஒரு கோலிக்குண்டு உருள்வதுபோல இருக்கிறது.

விளையாட்டுக் காயங்களுக்கான மசாஜ் செய்துகொள்ளும்படி பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். அம்மாவோ நல்லெண்ணெய் காய்ச்சி நீவினால் போதும் என்கிறார். இழுத்த அன்றே அவர் நீவியதில் நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. முதல் இரண்டு மூன்று நாட்கள் அழுத்தி நீவக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது.

கடலூரிலோ புதுச்சேரியிலோ இதற்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? முதல் நாள் என்னென்ன கேட்பார்கள்? எவ்வளவு வலியைப் பொறுக்க வேண்டும், எப்போது போதும் என்று சொல்லலாம்? மறுநாள் தசை கனத்து வலிப்பது வழக்கம் என்கிறார்கள். நீங்கள் எத்தனை நாளில் ஓடினீர்கள்? புதுச்சேரி என்றால் முடிந்த கையோடு பஸ்ஸில் நின்றபடி திரும்ப முடியுமா? ஸ்பா விளம்பரங்கள் வேண்டாம். தசையைப் படித்தவர் கை வேண்டும். கட்டணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.